மாட்டுங்காவில் ஸ்லோ வண்டிதான் நிற்கும்

மும்பையில் லோக்கல் ரயில் ஏறப் போகிறவர்கள் பிளாட்பாரத்தில் அண்ணாந்து பார்க்கும் இண்டிகேட்டரில், வண்டி எங்கே போகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்பதோடு ஒற்றை எழுத்து ஒன்றும் இருக்கும். எஸ் என்றால் ஸ்லோ, எஃப் என்றால் ஃபாஸ்ட். ஸ்லோ வண்டி வழியில் உள்ள எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். ஃபாஸ்ட் வண்டி தானே, காட்கோபர், குர்லா, தாதர் மாதிரி பெரிய ஸ்டேஷன்களில் மட்டும் நின்றுவிட்டு மற்றதையெல்லாம் தடதடவென்று தாண்டிவிடும். மும்பைத் தமிழர்களுக்கு மாட்டுங்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கோயில், வாழை இலை, முருங்கைக்காய், கண்ணெதிரே அரைத்துத் தரும் காப்பிப்பொடி எல்லாம் அங்கேதான். மத்திய ரயில் பாதையில் அந்த மாட்டுங்காவில் ஃபாஸ்ட் வண்டி நிற்பதில்லை.

நான் இருப்பது டோம்பிவிலியில். வேலை கோட்டைப் பகுதியில். இன்றும் நாங்கள் வி.டி. என்றே சொல்கிற சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் வரைக்கும் தினமும் போய் வர வேண்டும். பல வருஷம் ஃபாஸ்ட் வண்டிதான். அப்புறம் முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஓடிப் பிடித்து ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டோம்பிவிலியிலேயே புறப்படுகிற ஸ்லோ வண்டியில் உட்கார இடம் கிடைக்கும் என்பதால் அதற்கு மாறினேன். கால் மணி நேரம் போலக் கூடுதலாகும், அவ்வளவுதான்.

முதல் இரண்டு வாரம் என்னால் உட்கார முடியவில்லை. இடம் கிடைத்த பிறகும் முடியவில்லை என்பதுதான் விஷயம். நாஹூர் வரும், நிற்கும். பாண்டுப் வரும், நிற்கும். பக்கத்துப் பாதையில் ஒரு ஃபாஸ்ட் வண்டி எங்களைத் தாண்டிப் போகும்போது வயிற்றுக்குள் ஏதோ இழுக்கும். எங்கள் அம்மா சொல்வது போல, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி. உடம்பு ஸ்லோ வண்டியில் இருந்தது, மனசு மட்டும் பழையபடி ஃபாஸ்ட் வண்டியில் போய்க்கொண்டிருந்தது. வேகமும் அவசரமும் ஒன்றென்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இரண்டும் வேறு வேறு என்று அப்போதுதான் உறைத்தது. எது எதனால் வருகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்ததும் அதிலிருந்துதான்.

வேகத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்கட்டும் ஒரு அக்காதான் ஞாபகத்துக்கு வருவார். திருநெல்வேலிப் பக்கம். ஸ்டேஷனை விட்டுக் கிழக்கே இறங்கி நடந்தால் ஒரு கடை வாசலில் முறத்தில் மல்லிகை மொட்டைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாழைநாரை நனைத்து மடியில் ஒரு ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பார். இரண்டு மொட்டை காம்பு உள்ளே வருகிற மாதிரி இந்தப் பக்கம், இரண்டு மொட்டை அந்தப் பக்கம். இடது கை விரல்களுக்கு நடுவில் அவற்றைப் பிடித்தபடி, வலது கையால் நாரை ஒரு சுற்றுச் சுற்றி, வளையம் போட்டு உள்ளே விட்டு ஒரு இழுப்பு. முடிச்சு. அடுத்த நாலு. ஓங்கி இழுத்தால் காம்பு அறுந்துவிடும். லேசாக விட்டால் தலையில் வைத்ததும் உதிரும். அந்த இழுப்பின் அளவு விரலுக்குத்தான் தெரியும், சொல்லித் தர முடியாது என்பார். சாயங்காலத்துக்குள் மொட்டு வெடித்துவிடும் என்பதால் நேரக்கெடுவும் உண்டு. அவர் கை போகிற வேகத்தை என் கண்ணால் தொடர முடிந்ததே இல்லை. ஆனால் அந்த முகத்தில் பரபரப்பைப் பார்த்ததில்லை. "எத்தனை முழம் வேணும்மா?" என்று கேட்டு, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து, கூடக் கொஞ்சம் விட்டு நறுக்கி, இலையில் சுற்றிக் கொடுக்கிற வரைக்கும் அவர் அங்கேயே இருக்கிறார். நான்தான் அங்கே இருக்க மாட்டேன். ஜிபே பண்ணிக்கொண்டே அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மெதுவாகச் செய்தால் மனசு நிற்கும் என்று சொல்கிறவர்களிடம் எனக்கு முழு உடன்பாடு இல்லை என்றால் அந்த அக்காதான் காரணம். அவர் அவ்வளவு வேகமாகவும் செய்கிறார், மனசும் நிற்கிறது.

சரி, இந்த ஊருக்கு இந்த அவசரம் எங்கிருந்து வந்தது? அந்தக் கதையில் நம் மதராசுக்கும் ஒரு பங்கு உண்டு. பூமி ஒரு பாகை சுற்ற 4 நிமிஷம் ஆகிறது. மதராஸ் கிட்டத்தட்ட 80 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, பம்பாய் 73க்குச் சற்றுக் குறைவாக. அதனால் மதராசில் உச்சி வெயில் வந்து அரை மணி நேரம் கழித்துத்தான் பம்பாயில் வரும். முன்னே ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும் நேரத்தைத்தான் பகல் 12 என்று வைத்துக்கொண்டது. அதில் யாருக்கும் கஷ்டமில்லை, ரயில் வரும்வரை. 1853 ஏப்ரல் 16ஆம் தேதி பம்பாயின் போரி பந்தரிலிருந்து தானே வரைக்கும் 34 கிலோமீட்டர் தூரம் முதல் பயணிகள் ரயில் ஓடியது. நாளடைவில் பாதைகள் நீண்டு ஒன்றோடொன்று சேர்ந்தபோது, ஊருக்கு ஒரு நேரம் வைத்துக்கொண்டு கால அட்டவணை போட முடியவில்லை. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ஏறக்குறைய நடுவில் இருந்தது மதராஸ். அங்கே 1792லிருந்து வானாய்வுக்கூடமும் இருந்தது. ஆகவே ரயில்வே மதராஸ் நேரத்தை எடுத்துக்கொண்டது.

1881இல் பம்பாய் கவர்னர் ஜேம்ஸ் ஃபெர்குசன் அதையே ஊர் நேரமாகவும் ஆக்கப் பார்த்தார். ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது புதிதாக எழும்பியிருந்த ராஜாபாய் கோபுரத்துக் கடிகாரம் எந்த நேரத்தைக் காட்ட வேண்டும் என்பதே பெரிய தகராறானது. 1883இல் அரசு பின்வாங்கியது. அப்புறம் 1906 ஜனவரி 1 முதல் இன்றைக்கு நாம் வைத்திருக்கும் இந்திய நேரம், அதாவது கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால், நடைமுறைக்கு வந்தது. அது பம்பாயின் சொந்த நேரத்தைவிட 39 நிமிஷம் முன்னே ஓடியது. பஞ்சாலைத் தொழிலாளிகள் கொதித்துப்போனார்கள். ஆலைக் கடிகாரத்தை 39 நிமிஷம் தள்ளி வைத்தால், இருட்டில் எழுந்து, இருட்டில் சமைத்து, இருட்டில் ஆலை வாசலுக்கு வர வேண்டும். அதிகாரிகளுக்கு அது வெறும் கணக்கு. தொழிலாளிக்கு அது தூக்கம். பம்பாய் மாநகராட்சி பிடிவாதமாகத் தன் பழைய நேரத்தையே சுதந்திரத்துக்கு அப்புறமும் கொஞ்ச காலம் வைத்திருந்தது.

பழைய நேரத்துக்குத் திரும்பிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 39 நிமிஷம் எங்கேயும் போய்விடவில்லை. இன்றும் மும்பையில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் சராசரியாக 12:39 ஆகியிருக்கும். ஜனவரி நடுவில் காலை 7:15 வாக்கில்தான் விடிகிறது. 5:30க்கு அலாரம் வைத்து எழுந்திருக்கிற என் மாதிரிப் பெண், சூரியக் கணக்குப்படி 4:51க்கு எழுந்திருக்கிறாள். உடம்பு எந்தக் கடிகாரத்தைக் கேட்கும்? வெளிச்சத்தைத்தான் கேட்கும். பம்பாய்க்காரர்கள் காலையில் சிடுசிடுவென்று இருக்கிறார்கள் என்று சென்னையிலிருந்து வரும் என் அத்தை சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த 39 நிமிஷம்தான் ஞாபகம் வரும்.

ஸ்லோ வண்டி பரேல், கரி ரோடு, சிஞ்ச்போக்ளி என்று போகும் பகுதி முழுவதும் அந்த ஆலைகளின் நிலம்தான். ஆலைச் சங்கை இங்கே போங்கா என்பார்கள். மூன்று ஷிஃப்டுக்கும் ஊர் அதைக் கேட்டுத்தான் எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்கு அப்புறம் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிப்போயின. அந்த இடங்களில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. போங்கா இல்லை. ஆனால் அது பழக்கிவிட்ட ஓட்டம் நிற்கவில்லை. அந்த வேலையை இப்போது இண்டிகேட்டர் பார்க்கிறது.

இண்டிகேட்டருக்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் பார்க்க வேண்டும். லோக்கல் வண்டி ஒரு ஸ்டேஷனில் நிற்பது அரை நிமிஷத்துக்கும் குறைவு. மும்பை லோக்கல்களில் ஒரு நாளைக்கு 70 லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள். நெரிசல் நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்கிறார்கள் என்று ரயில்வே கணக்கு. அதற்கென்று ஒரு தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அரை நிமிஷத்தில் இத்தனை பேரைத் தாண்டி இறங்க வேண்டுமென்றால் முந்தைய ஸ்டேஷனிலேயே எழுந்து வாசல் பக்கம் நகர்ந்துவிட வேண்டும். எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். லேடீஸ் டப்பாவில் ஏறியதும் காதில் விழுகிற முதல் கேள்வி, "கஹான் உதர்னா ஹை?" எங்கே இறங்குவீங்க? அது குசலம் விசாரிப்பது இல்லை. நீங்கள் இறங்கினால் அந்த இடம் தனக்கு என்று பதிவு செய்துகொள்வது. நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே உங்கள் இடத்தில் இன்னொருவர் மனதால் உட்கார்ந்தாகிவிட்டது. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவதாக ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறவருக்கும் இதே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படி இருபது வருஷம் தினமும் இரண்டு வேளை பழகினால் மனசு எப்போதும் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே வாழக் கற்றுக்கொள்ளும். அது ரயிலோடு நிற்பதில்லை. குக்கரில் மூன்றாவது விசில் வரும்போது நாலாவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். குழந்தை ஒரு விஷயம் சொல்லத் தொடங்கும்போதே பதிலைத் தயார் பண்ணிவிடுகிறோம். ஊருக்குப் போய் இறங்கிய அன்றைக்கே திரும்பும் டிக்கெட்டைப் பற்றி நினைக்கிறோம்.

இதைப் பற்றிப் படித்ததில் என்னை உலுக்கிய ஆராய்ச்சி ஒன்று அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்தது. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் 1973இல் வெளியிட்டார்கள். பாதிரியார் பயிற்சியில் இருந்த மாணவர்களை, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும் என்று அனுப்பினார்கள். சிலரிடம் நேரமிருக்கிறது என்றும், சிலரிடம் நேரம் சரியாக இருக்கிறது என்றும், சிலரிடம் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்றும் சொன்னார்கள். வழியில் ஒரு ஆள் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருந்தார். அவரும் ஆராய்ச்சியின் ஒரு பகுதிதான், மாணவர்களுக்குத் தெரியாது. நேரமிருந்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவ நின்றார்கள். தாமதமாகிவிட்டது என்று நினைத்தவர்களில் 10 சதவீதம். மாணவர்களில் பாதிப் பேர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் பற்றிய பைபிள் கதை. அது எந்தப் பெரிய வித்தியாசத்தையும் உண்டாக்கவில்லை.

கெட்டவர்கள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. என்னால் முடியாது. சில வருஷம் முன்னே ஒரு காலை, டோம்பிவிலி பாலத்துப் படிக்கட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நீலப் புடவை, மடியில் டிஃபன் பை. முகமெல்லாம் வேர்த்திருந்தது. என் வண்டி வந்துகொண்டிருந்தது. நான் அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன். ஏறி, நின்று, மூச்சு சமநிலைக்கு வந்து, வண்டி கோபர் தாண்டிய பிறகுதான், அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்பது என் புத்தியில் ஏறியது. பார்த்தேன், ஆனால் பார்த்தது உள்ளே போகவில்லை. மறுநாளிலிருந்து பல நாள் அந்தப் படிக்கட்டில் தேடியிருக்கிறேன். அவளைத் திரும்பப் பார்க்கவே இல்லை. அவசரம் என்பது நேரத்தைப் பற்றிய பிரச்சினை என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன். அது கண்ணைப் பற்றியது. பார்வையின் அகலத்தைக் குறுக்கிவிடுகிறது.

மனம் அலைவதைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2010இல் வெளியிட்டது. 2250 பேரிடம் அவர்கள் கைப்பேசி வழியாக ஒரு நாளில் எதிர்பாராத நேரங்களில், இப்போது என்ன செய்கிறீர்கள், மனசு அதில் இருக்கிறதா வேறெங்காவது இருக்கிறதா, எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். 46.9 சதவீத நேரம் மனசு வேறெங்கேயோ இருந்தது. கிட்டத்தட்டப் பாதி வாழ்க்கை. இனிமையான விஷயத்தை நினைத்து அலைந்தால்கூட, கையில் இருக்கிற வேலையில் இருந்ததைவிடச் சந்தோஷம் கூடவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

கைப்பேசியைப் பற்றி எல்லோரும் சொல்லியாகிவிட்டது, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். குளோரியா மார்க் என்ற ஆய்வாளர், மக்கள் ஒரு திரையைத் தொடர்ந்து எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று பல வருஷமாக அளந்து வருகிறார். 2004இல் சராசரி இரண்டரை நிமிஷம். அண்மைய அளவுகளில் 47 விநாடி. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009இல் காட்டினார். நம் அடுப்படியில் இது தெரிந்த விஷயம்தான். வெங்காயம் வதக்கிய வாணலியைக் கழுவாமல் பால் காய்ச்சினால் என்ன ஆகும்?

வாரம் ஓடுவதே தெரியவில்லை என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அதற்கும் காரணம் உண்டு. புதியதை ஞாபகம் தனித்தனியாக எடுத்து வைக்கும். ஒரே மாதிரி நடப்பதைச் சேர்த்து ஒன்றாக மடித்து வைத்துவிடும். ஆகவே புதிய ஊரில் கழித்த நாலு நாள் பின்னால் நினைத்துப் பார்க்கையில் நீளமாகத் தெரியும், ஆபீசுக்குப் போய் வந்த நாலு மாசம் ஒரு பிடிக்குள் அடங்கிவிடும். ஃபாஸ்ட் வண்டியில் நான் போன வருஷங்களிலிருந்து தனியாக ஒரு நாளை எடுத்துச் சொல்லச் சொன்னால் அந்த நீலப் புடவை நாளைத் தவிர வேறொன்றும் வராது.

ஸ்லோ வண்டியில் முதல் மாற்றம் ஸ்டேஷன் பெயர்களில்தான் வந்தது. சையன் என்று நாம் சொல்வதை மராட்டியில் ஷீவ் என்று அறிவிக்கிறார்கள். ஷீவ் என்றால் எல்லை. பழைய பம்பாய்த் தீவு அங்கேதான் முடிந்தது. சிஞ்ச் என்றால் புளி, சிஞ்ச்போக்ளியில் அந்தப் புளியமரம் ஒளிந்திருக்கிறது. மாட்டுங்காவின் பெயர் மாதங்கத்திலிருந்து, அதாவது யானையிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். இத்தனை வருஷம் மராட்டி அறிவிப்பைக் காதால் கேட்டிருக்கிறேன், ஒரு நாளும் காது கொடுத்ததில்லை. பல ஆண்டுகள் தானேவைத் தாண்டியதும் ஃபாஸ்ட் வண்டிகள் பார்சிக் மலைக்குள் 1916இல் திறந்த சுரங்கத்தில் நுழைந்துதான் அந்தப் பக்கம் வெளியே வரும், ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருட்டு. ஸ்லோ வண்டி மட்டும் மலையைச் சுற்றி, கழிமுகத்து ஓரமாக, கல்வா, மும்ப்ரா என்று நின்று நின்று போகும். மழைக்காலத்தில் மும்ப்ரா மலையில் அருவி விழும் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னபோது, இந்தப் பக்கத்தில் ஏது அருவி என்று அவருடன் வாதாடியிருக்கிறேன்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. இருக்கிற இடத்தில் இருங்கள், நிதானமாக வாழுங்கள் என்று சொல்வதெல்லாம் யாருக்கு? எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் மௌஷி இருக்கும் சாளில், அதாவது வரிசையாகச் சின்ன அறை வீடுகள் இருக்கும் கட்டடத்தில், விடியற்காலை ஒரு மணி நேரம்தான் தண்ணீர். மௌஷி என்றால் மராட்டியில் சித்தி. அந்த ஒரு மணியில் டிரம்மை நிரப்பி, துணி அலசி, ரொட்டி தட்டி வைத்துவிட்டு ஆறு வீடு பார்க்கிறார். அவரிடம் போய் ஆழமாக மூச்சு விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாயங்கால வண்டியில் மடியில் பிளாஸ்டிக் பையை விரித்துக் கொத்தவரங்காய் நறுக்கும் பெண்களைப் பார்த்து, என்ன பொறுமை என்று வெளியூர்க்காரர்கள் படம் எடுக்கிறார்கள். வீட்டில் இறங்கியதும் இரண்டாவது ஷிஃப்ட் காத்திருக்கிறது, அதில் அரை மணியை முன்கூட்டியே கழிக்கிறார்கள். மும்பைப் பாதைகளில் வருஷத்துக்கு 2000 பேருக்கு மேல் இறந்துபோகிறார்கள். பெரும்பாலும் தண்டவாளத்தைக் கடக்கையில், அடுத்தபடியாக ஓடும் வண்டியிலிருந்து விழுந்து. 2025 ஜூன் 9 அன்று எங்கள் பாதையில் மும்ப்ரா அருகே, எதிரெதிராகக் கடந்த இரண்டு வண்டிகளின் படியில் தொங்கியவர்கள் இடிபட்டு விழுந்ததில் அன்றைக்கே 4 பேர் போனார்கள். அவர்கள் நிதானம் இல்லாதவர்கள் என்றா சொல்வது? உள்ளே நிற்க இடமில்லை.

ஆகவே இதில் ஊர் செய்ய வேண்டியதும் இருக்கிறது. 2023இல் மத்திய ரயில்வே தன் மும்பைக் கோட்ட அலுவலக ஊழியர்களின் வேலை நேரத்தை இரண்டாகப் பிரித்து, சிலரை முன்னதாகவும் சிலரைத் தாமதமாகவும் வரச் சொன்னது. மற்ற அலுவலகங்களையும் அப்படியே செய்யக் கேட்டுக்கொண்டது. எனக்கு இது எந்தத் தியான வகுப்பையும்விடப் பெரிய விஷயமாகப் படுகிறது. எல்லோரும் ஒரே மணிக்கு ஒரே வாசலில் நிற்க வேண்டும் என்ற ஆலைக்காலத்துக் கட்டாயத்தைக் கொஞ்சம் தளர்த்தினாலே பாதி மூச்சு திரும்பி வந்துவிடும்.

தியானத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. மைண்ட்ஃபுல்னெஸ் என்று இன்று பாந்த்ரா குர்லா வளாகத்துக் கம்பெனிகளில் நடத்தும் வகுப்பின் மூலம், 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி. மருந்தால் தீராத வலியோடு இருந்த நோயாளிகளுக்காக அதை ஆரம்பித்தார். அதிக வேலை வாங்குவதற்கான கருவியாக அதை ஆக்கிவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. அவர் எடுத்துக்கொண்ட மரபுகளில் ஒன்றான விபாசனா, பர்மாவிலிருந்து இதே ஊருக்குத்தான் வந்தது. 1969 ஜூலையில் எஸ்.என். கோயங்கா இந்தியாவில் தன் முதல் வகுப்பை பம்பாயில் நடத்தினார். 1976லிருந்து அதன் தலைமை இடம் இகத்புரி, எங்கள் பாதையிலேயே கல்யாண், கசாரா தாண்டி மலை ஏறினால் வரும். பத்து நாள் பயிற்சி, கடைசி நாள் வரை பேசாமல் இருக்க வேண்டும், கட்டணம் கிடையாது. பத்து நாள் லீவு கிடைப்பதுதான் கஷ்டம்.

எனக்குக் கைகொடுத்தவை சின்ன விஷயங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் குறையும், உள்ளே இழுக்கும்போது கூடும். அதனால் விடும் மூச்சை மட்டும் நீளமாக்கினால் படபடப்பு இறங்குகிறது. வண்டி ஒரு ஸ்டேஷனில் நிற்கிற அந்த அரை நிமிஷத்தில் இரண்டு மூச்சு விடலாம். டோம்பிவிலியிலிருந்து வி.டி.க்குள் எத்தனை நிறுத்தம்! ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நிற்பதை எண்ணி எரிச்சல்பட்ட நான், இப்போது அந்த நிறுத்தங்களுக்காகக் காத்திருக்கிறேன். அப்புறம், பாலத்துப் படிக்கட்டில் இறங்கும்போது கைப்பேசி பையில்தான் இருக்கும். இந்த இரண்டுதான். மனசு அப்போதும் ஓடும். ஓடிவிட்டதே என்று தெரிந்ததும் திரும்ப அழைத்து வர வேண்டும், அவ்வளவே. நாளைக்கு நூறு தடவை.

தமிழில் இதற்கென்று ஒரு சொல் இருக்கிறது, ஆற அமர. ஆற அமர யோசி, ஆற அமரச் சாப்பிடு. சூடு ஆறுவதும் உட்கார்வதும் அதில் சேர்ந்தே வருகின்றன. மனசுக்குக் கிடைக்கிற ஆறுதலும் அந்த ஆறுவதிலிருந்து வந்ததுதான். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா என்று அம்மா கேட்பார், கொதிக்கிற ரசத்தை வாயில் வைத்துச் சுட்டுக்கொள்ளும்போதெல்லாம். சமைப்பதற்கு ஒரு மணி நேரம் நின்றிருப்போம். அந்தக் கடைசி இரண்டு நிமிஷத்தில்தான் பொறுமை போய்விடுகிறது.

போன ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு மாட்டுங்காவில் ஏறினேன். கையில் இரண்டு முழம் மல்லிகை, நனைந்த குடை. ஒருத்தி, "கஹான் உதர்னா ஹை?" என்றாள். டோம்பிவிலி என்றேன். தானும் அங்கேதான் என்று சொல்லி, ஒருக்களித்து நகர்ந்து நாலாவது இடம் கொடுத்தாள். மடியில் கொத்தவரங்காய், சின்னக் கத்தி. கல்வா தாண்டியதும் மழை கொட்டியது. வாசல் பக்கம் நின்ற பெண்கள் உள்ளே ஒதுங்கியதில் ஜன்னல் வழி மலை தெரிந்தது. கறுத்த பாறையில் மூன்று இடத்தில் வெள்ளையாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கத்தி நின்றுவிட்டது. அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மும்ப்ராவில் வண்டி நின்று, புறப்பட்டு, மலை பின்னால் போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். திவா வந்ததும் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். நான் பூவைக் கிள்ளி அவளுக்கும் கொஞ்சம் கொடுத்தேன்.